மாலன்வில் பாலத்தில் நின்ற லாரிகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

2025 டிசம்பரில் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் நடந்த ராணுவ ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியைப் பற்றி முன்பு இந்தப் பகுதியில் நாலு வரி எழுதியிருந்தேன். அதைத் தொட்டு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. மற்றவற்றை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, இம்முறை இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பெனினின் கோட்டோனூ துறைமுகத்தில், நைஜர் நாட்டுக்குப் போகும் சரக்குகளுக்குச் சுங்கக் காகிதம் தயார்செய்யும் வேலையில் பதினொரு ஆண்டுகள் இருந்தவன் நான். 2024-ல்தான் ஊர் திரும்பினேன். பேராசிரியர் அல்ல. கண்ணால் பார்த்ததையும், பார்த்தது புரியவேண்டும் என்று தேடிப் படித்ததையும் வைத்துத்தான் பேசுகிறேன்.

கேள்வி: ஒரு நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தால் அது அந்த நாட்டின் உள்விவகாரம்தானே? பக்கத்து நாடுகள் ஏன் இவ்வளவு பதறுகின்றன? (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: 2023 ஜூலை 26, புதன்கிழமை. நைஜரின் தலைநகரான நியாமியிலிருந்து, சரக்கு இறக்கும் இடத்தில் வேலை பார்த்த ஒருவர் காலையிலேயே எனக்குப் போன் செய்தார். அதிபர் மாளிகைக்குப் போகும் தெருக்களை அடைத்துவிட்டார்கள், என்னவென்று தெரியவில்லை என்றார். அதிபர் முகமது பஸூமை அவருடைய சொந்தக் காவற்படையே உள்ளே அடைத்து வைத்திருந்தது. இரவு சீருடை அணிந்த அதிகாரிகள் தொலைக்காட்சியில் வரிசையாக நின்று, ஆட்சி முடிந்தது என்று வாசித்தார்கள். இரண்டு நாள் கழித்து, காவற்படையின் தளபதி அப்துரஹமானே சியானி தானே நாட்டின் தலைவர் என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எகோவாஸ் தலைவர்கள் நைஜீரியாவின் அபுஜாவில் கூடினார்கள். எகோவாஸ் என்பது மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகம். அப்போது 15 நாடுகள் அதில் உறுப்பினர்கள். ஒரு வாரத்துக்குள் பஸூமை மீண்டும் பதவியில் அமர்த்த வேண்டும், இல்லாவிட்டால் படை பலம் உட்பட எந்த வழியையும் கையில் எடுப்போம் என்றார்கள். எல்லைகளை மூடச் சொன்னார்கள். பணப் பரிமாற்றத்தை நிறுத்தினார்கள்.

பெனினுக்கும் நைஜருக்கும் நடுவே நைஜர் ஆறு ஓடுகிறது. ஆற்றின் இந்தப் பக்கம் மாலன்வில், அந்தப் பக்கம் காயா. நடுவில் ஒரு பாலம். கடலே இல்லாத நைஜருக்கு வெளியிலிருந்து வரும் அரிசி, சர்க்கரை, மருந்து, இயந்திரம் என எல்லாவற்றிலும் பெரும்பங்கு எங்கள் துறைமுகத்தில் இறங்கி அந்தப் பாலத்தின் வழியாகத்தான் போகும். பாலத்தை மூடிய பிறகு ஆகஸ்டில் நான் மாலன்வில் போய்ப் பார்த்தேன். சாலையின் ஒரு பக்கம் முழுக்க லாரிகள், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. ஓட்டுநர்கள் லாரிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். நான் காகிதம் போட்டுக் கொடுத்த லாரி ஒன்றின் ஓட்டுநர், காயாவில் வீடு உள்ளவர், அக்கரையைக் கை காட்டி, "பத்ரோன், அதோ என் தெரு" என்றார். முதலாளியையும் மேலாளரையும் அங்கே பத்ரோன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் தெரு கண்ணுக்குத் தெரிந்தது. அவரால் போக முடியவில்லை.

உள்விவகாரம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது அந்தக் கைதான். நியாமியில் ஒரு வீட்டுக்குள் நடந்த விஷயம், ஐந்தே நாளில் வேறொரு நாட்டில் ஒரு சாலையை அடைத்துவிட்டது. சஹாரா பாலைவனத்தின் தெற்கு ஓரமான சாஹேல் பகுதியில் எல்லைக்கோடு வரைபடத்தில்தான் அழுத்தமாக இருக்கிறது. நைஜருக்கும் நைஜீரியாவுக்கும் இடையே எல்லை 1,500 கிலோமீட்டருக்கும் மேல். இரு பக்கமும் ஹவுசா பேசுகிற மக்கள், ஒரே குடும்பத்தின் இரண்டு கிளைகள். ஆயுதக் குழுக்களும் அதே போலத்தான் எல்லை பார்ப்பதில்லை. ஒரு நாட்டுப் படை தலைநகர அரசியலில் முழுகிவிட்டால், எல்லைக்காவல் தளர்ந்து அடுத்த நாட்டுக் கிராமம் பாதிக்கப்படும்.

அப்புறம், அதிபர்களுக்குத் தங்கள் நாற்காலி பற்றிய பயமும் உண்டு. 2020 ஆகஸ்டில் மாலி, 2021 மே மாதம் மறுபடியும் மாலி, அதே ஆண்டு செப்டம்பரில் கினி, 2022-ல் ஜனவரியிலும் செப்டம்பரிலும் புர்கினா ஃபாசோ, 2023-ல் நைஜர். மூன்று ஆண்டுகளுக்குள் நான்கு நாடுகளில் ஆறு கவிழ்ப்புகள். பக்கத்து வீட்டுக் காவலாளி வீட்டுக்காரரைப் பூட்டியதைப் பார்த்தால், தன் வாசலில் நிற்பவரை யாரும் ஒருமுறை திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்கள்.

கேள்வி: அப்படியானால் நைஜர் மீது தடை விதித்தது சரி என்கிறீர்களா? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்)

பதில்: இல்லை. கவிழ்ப்பைக் கண்டித்தது சரி. தண்டித்த விதம் தவறு. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

நைஜரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு நைஜீரியாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தினார்கள். நியாமியில் எனக்குத் தெரிந்த ஒரு மருந்துக் கடைக்காரர், குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டிய மருந்துகளைத் தெர்மக்கோல் பெட்டியில் ஐஸ் போட்டு வைத்துக்கொண்டு, ஒரு நாளில் இரண்டு தடவை ஐஸ் தேடி அலைந்தார். அதிபரைப் பூட்டிய தளபதிகளின் வீட்டில் ஜெனரேட்டர் இருந்தது. தடை யார் கழுத்தில் விழுந்தது என்று புரிகிறதல்லவா?

இது முதல் தடவையும் இல்லை. 2022 ஜனவரியில் மாலியின் ராணுவ அரசு, தேர்தலைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடப் பார்த்தபோது, எகோவாஸ் அதன் எல்லைகளை மூடியது. மாலி உட்பட எட்டு நாடுகளுக்கு சி.எஃப்.ஏ. ஃபிராங்க் என்ற ஒரே நாணயம், செனகலின் தலைநகர் டக்காரில் ஒரே மத்திய வங்கி. அந்த வங்கியில் இருந்த மாலியின் பணத்தையும் முடக்கினார்கள். ஆறு மாதம் கழித்து ஜூலையில் தடையை எடுத்தார்கள். அந்த ஆறு மாதத்தில் மாலியின் தலைநகர் பமாகோவில் இருந்த ராணுவ அரசுக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? கோபமாகத் தெருவில் இறங்கிய மக்கள். அவர்களுடைய கோபம் அரசின் மேல் போகாமல் எகோவாஸ் மேலும் பிரான்ஸ் மேலும் போயிற்று. இதைப் பார்த்த பிறகும் நைஜரில் அதே மருந்தை இன்னும் அதிக அளவில் கொடுத்தார்கள்.

விளைவு உடனே தெரிந்தது. நைஜர் மேல் படையெடுத்தால் அதை எங்கள் மேல் போர் தொடுத்ததாக எடுத்துக்கொள்வோம் என்று மாலியும் புர்கினா ஃபாசோவும் கூட்டாக அறிவித்தன. செப்டம்பர் 16-ம் தேதி மூன்று நாடுகளும் லிப்டாகோ-கூர்மா சாசனத்தில் கையெழுத்திட்டன. மூன்று நாட்டு எல்லைகளும் சந்திக்கும் பகுதியின் பெயர் அது. ஒருவரைத் தாக்கினால் மற்றவர் துணைக்கு வருவது என்பதுதான் அதன் சாரம். இப்படித்தான் சாஹேல் நாடுகளின் கூட்டணி பிறந்தது. 2024 ஜனவரி 28-ல் மூன்றும் எகோவாஸை விட்டு வெளியேறுவதாக அறிவித்தன. பதறிப்போன எகோவாஸ், பிப்ரவரி 24-ல் நைஜர் மேலிருந்த முக்கியத் தடைகளை நீக்கியது. மூன்று நாடுகளும் திரும்பிப் பார்க்கவில்லை. 2025 ஜனவரி 29-ல் வெளியேற்றம் நடைமுறைக்கு வந்துவிட்டது. நிலப்பரப்பில் பார்த்தால் எகோவாஸின் பாதிக்கும் மேல் ஒரே நாளில் போய்விட்டது.

பாலம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பெனின் தன் பக்கத்தைத் திறந்தது. இம்முறை நைஜர் தன் பக்கத்தை மூடி வைத்துக்கொண்டது. பெனினில் பிரெஞ்சுப் படைகள் தங்களைத் தாக்கத் தயாராகின்றன என்று நைஜரின் ராணுவ அரசு குற்றஞ்சாட்டியது. பெனின் அதை மறுத்தது. ஆட்சியைப் பிடித்தவர்களின் சொந்தச் சொத்தையும் பயணத்தையும் முடக்கியிருக்கலாம். அவர்களுக்கு ஆயுதம் போகும் வழியை அடைத்திருக்கலாம். அரிசி லாரியை விட்டிருக்க வேண்டும்.

கேள்வி: எகோவாஸ் எப்போதாவது ஒரு கவிழ்ப்பைத் தடுத்திருக்கிறதா? (வாசகர் ஒருவர்)

பதில்: தடுத்திருக்கிறது. அதனால்தான் நைஜரில் அது தோற்றது எனக்கு இவ்வளவு வலிக்கிறது.

சியரா லியோனில் 1997 மே மாதம் ஜானி பால் கொரோமா தலைமையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதிபர் அகமது டெஜான் கப்பா கினிக்குத் தப்பினார். 1998 பிப்ரவரியில் நைஜீரியா தலைமையிலான மேற்கு ஆப்பிரிக்கப் படை தலைநகர் ஃப்ரீடவுனை மீட்டது, மார்ச்சில் கப்பா திரும்பி வந்தார். மக்களாட்சியை மீட்கப் படை அனுப்பிய நைஜீரியாவை அப்போது ஆண்டவர் சானி அபாச்சா, அவரே ராணுவ ஆட்சியாளர். மீட்டதோடு கதை முடியவும் இல்லை. 1999 ஜனவரியில் கிளர்ச்சியாளர்கள் ஃப்ரீடவுனுக்குள் புகுந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றார்கள். வெற்றி என்ற சொல்லை இங்கே மெதுவாகத்தான் சொல்ல வேண்டும்.

காம்பியாவில் நடந்தது சுத்தமான வெற்றி. 1994-ல் ராணுவக் கவிழ்ப்பால் வந்த யாஹ்யா ஜம்மே, 2016 டிசம்பர் தேர்தலில் தோற்றார். முதலில் தோல்வியை ஏற்றுக்கொண்டு, ஒரு வாரத்தில் மாற்றிப் பேசினார். வென்ற அடாமா பாரோ, 2017 ஜனவரி 19-ல் டக்காரில் உள்ள காம்பியத் தூதரகத்தில் பதவியேற்றார். செனகல் முன்னிற்க எகோவாஸ் படை எல்லை தாண்டியது. 21-ம் தேதி ஜம்மே விமானம் ஏறிப் போனார்.

பெனினில் 2025 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. சிப்பாய்கள் அரசுத் தொலைக்காட்சியில் தோன்றி, அதிபர் பத்ரீஸ் தலோனை நீக்கிவிட்டதாகச் சொன்னார்கள். என் பழைய சக ஊழியர்கள் கோட்டோனூவில் வீட்டுக்குள் இருந்தபடி எனக்குக் குரல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் பின்னணியில் போர் விமானச் சத்தம் கேட்டது. பெனின் அரசு கேட்டதன் பேரில் வந்த நைஜீரிய விமானங்கள் அவை. சாயங்காலத்துக்குள் முயற்சி முறிந்துவிட்டது. பின்னாலேயே எகோவாஸ் தன் படையையும் அனுப்பியது.

இந்த மூன்றையும் நைஜரோடு வைத்துப் பாருங்கள். கப்பா, பாரோ, தலோன் மூவரும் ராணுவத்தின் கையில் சிக்காமல் வெளியே இருந்தார்கள். வாருங்கள் என்று கேட்க ஒரு குரல் இருந்தது. பஸூம் சிறைப்பட்டிருந்தார். படை உள்ளே போனால் முதலில் போவது அவர் உயிர்தான் என்ற நிலை. அதோடு காம்பியா மூன்று பக்கமும் செனகல் சூழ்ந்த சின்ன நாடு. நைஜரோ பன்னிரண்டரை லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த நாடு. படை அனுப்பும் யோசனையை நைஜீரியாவின் செனட்டே ஆதரிக்கவில்லை. எல்லைக்கு அப்பால் இருப்பது தங்கள் உறவுக்காரர்கள் என்று வட நைஜீரியத் தலைவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். நிறைவேற்ற முடியாத ஒரு வாரக் கெடுவை விதித்ததுதான் எகோவாஸ் செய்த மிகப் பெரிய பிழை. கெடு தாண்டிய எட்டாம் நாள் ஒன்றும் நடக்காததை எல்லா நாட்டுப் படைமுகாம்களும் கவனித்தன.

கேள்வி: பத்திரிகைகள் "ராணுவப் புரட்சி" என்று எழுதுகின்றன. நீங்கள் மட்டும் "ஆட்சிக்கவிழ்ப்பு" என்கிறீர்களே? (தமிழாசிரியர் ஒருவர்)

பதில்: புரட்சி என்ற சொல்லில் மக்கள் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பத்து அதிகாரிகள் சேர்ந்து ஓர் அதிபரை வீட்டுக்குள் பூட்டுவதற்கு அந்தச் சொல்லைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. 1974 ஏப்ரல் 25-ல் போர்ச்சுகலில் நடந்ததற்குத் தாராளமாகக் கொடுப்பேன். அங்கும் தொடங்கியவர்கள் ராணுவக் கேப்டன்கள்தான். ஆனால் மக்கள் தெருவை நிறைத்தார்கள். சரியாக ஓராண்டில், அதே ஏப்ரல் 25-ல், அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் நடந்தது. காலனிகளையும் விட்டார்கள். எகோவாஸின் உறுப்பினர்களான கினி-பிசாவும் கேப் வெர்டேயும் போர்ச்சுகலின் பிடியிலிருந்து விடுபட்டது அதன் தொடர்ச்சிதான். அதே கினி-பிசாவில் 2025 நவம்பரில், தேர்தல் முடிந்து முடிவு அறிவிக்கும் நேரத்தில் ராணுவம் புகுந்தது. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதக் கூடாது.

கேள்வி: மாலியிலும் நைஜரிலும் மக்கள் கொடி பிடித்து ராணுவத்தை வரவேற்றதைப் பார்த்தோம். ஊழல் அதிபர்களுக்கு நீங்கள் வக்காலத்து வாங்குவது போல இருக்கிறது. (பெயர் வேண்டாம் என்று எழுதிய இளைஞர்)

பதில்: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அந்தக் கூட்டத்தில் எனக்குத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். காசு கொடுத்துக் கூட்டிய கூட்டம் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

எகோவாஸ் பற்றி மக்களிடம் ஒரு பேச்சு உண்டு: அது அதிபர்களின் சங்கம். அதற்குக் காரணம் இருக்கிறது. 2001-லேயே மக்களாட்சி பற்றிய நெறிமுறை ஒன்றை எகோவாஸ் ஏற்றது. அரசமைப்புக்கு எதிரான வழியில் ஆட்சிக்கு வருவதை அது தடுக்கிறது. ஆனால் ஆட்சியில் இருப்பவர் அரசமைப்பையே வளைத்தால்? 2015 மே மாதம் கானாவின் அக்ராவில் கூடியபோது, எந்த அதிபரும் இரண்டு முறைக்கு மேல் ஆளக் கூடாது என்று எல்லா நாட்டுக்கும் பொதுவாக விதி கொண்டுவரப் பேசினார்கள். காம்பியாவும் டோகோவும் எதிர்த்தன. யோசனை அப்படியே கைவிடப்பட்டது. டோகோவில் தந்தை 1967 முதல் 2005 வரை ஆண்டார். அவருக்குப் பிறகு மகன்.

கினியில் அதிபர் ஆல்ஃபா கொண்டே, 2020-ல் புதிய அரசமைப்பைக் காட்டி மூன்றாவது முறை போட்டியிட்டார். எதிர்த்துத் தெருவில் நின்றவர்கள் சுடப்பட்டார்கள். எகோவாஸ் எல்லையை மூடியதா? எந்தக் கணக்கையாவது முடக்கியதா? ஒன்றும் இல்லை. பத்து மாதம் சென்று சிறப்புப் படைத் தளபதி மமாடி தும்புயா அவரைக் கைதுசெய்தபோதுதான் அவசரக் கூட்டம் நடந்தது. சாட் நாட்டில் 2021-ல் அதிபர் இத்ரிஸ் தெபி இறந்ததும், அரசமைப்புப்படி ஆட்சி நாடாளுமன்ற அவைத்தலைவருக்குப் போயிருக்க வேண்டும். ராணுவக் குழு அமைத்து மகன் எடுத்துக்கொண்டார். ஆப்பிரிக்க ஒன்றியம் அந்த நாட்டை இடைநீக்கம் செய்யவில்லை. இதையெல்லாம் பார்த்த ஒரு கல்லூரிப் பையன் பமாகோவில் கொடி பிடித்தால் அவனை நான் எப்படிக் குறை சொல்வேன்?

ஆனால் அவனுக்கு என்ன கிடைத்தது என்றும் பாருங்கள். 2012 மார்ச் 22-ல் கேப்டன் அமாடு சனோகோ மாலியில் ஆட்சியைப் பிடித்தபோது சொன்ன காரணம், வடக்கே துவாரெக் இனக் கிளர்ச்சியாளர்களோடு மோத அரசு எங்களுக்கு ஆயுதம் தரவில்லை என்பது. தேர்தலுக்கு ஐந்தே வாரம்தான் இருந்தது. படையின் தலைமை குலைந்தது. வடக்கின் நகரங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின: மார்ச் 30-ல் கிடால், 31-ல் காவ், ஏப்ரல் 1-ல் திம்புக்து. நாட்டின் பாதியைக் காப்பாற்றுவதாகச் சொன்னவர்கள் பத்தே நாளில் அந்தப் பாதியை இழந்தார்கள்.

பஸூமோ 2021-ல் தேர்தலில் வென்று வந்தவர். நைஜரின் வரலாற்றில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அதிபர் இன்னொரு தேர்ந்தெடுக்கப்பட்டவரிடம் பதவியை ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு தடவையோடு முடித்துவிட்டார்கள். புர்கினா ஃபாசோவில் பாதுகாப்பு சரியில்லை என்று 2022-ல் இரண்டு கவிழ்ப்புகள். 2024 ஆகஸ்டில் பர்சலோகோ ஊரில், பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்த மக்களை ஆயுதக் குழுவினர் நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். 2025 செப்டம்பரிலிருந்து மாலிக்கு வரும் எரிபொருள் லாரிகளை எரித்து வழிமறித்தார்கள். பமாகோவில் பெட்ரோல் இல்லாமல் இரண்டு வாரம் நாடு முழுக்கப் பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. கொடி பிடித்த பையனின் தம்பி தங்கைகள் படித்த பள்ளிகள் அவை.

கேள்வி: ராணுவக் கவிழ்ப்பு நடந்தால் கூட்டணி பலவீனமாகத்தான் ஆகுமா? (வரலாறு படிக்கும் மாணவர்)

பதில்: பெரும்பாலும் அப்படித்தான். மிகத் தெளிவான உதாரணம் பாக்தாத் ஒப்பந்தம். 1955-ல் ஈராக், துருக்கி, ஈரான், பாகிஸ்தான், பிரிட்டன் சேர்ந்த கூட்டணி. 1958 ஜூலை 14-ல் அப்துல் கரீம் காசிம் மன்னராட்சியைக் கவிழ்த்தார். அடுத்த ஆண்டு ஈராக் விலகியது. பாக்தாத் இல்லாத பாக்தாத் ஒப்பந்தம் என்ன செய்யும்? பெயரை சென்டோ என்று மாற்றிக்கொண்டு, தலைமையகத்தை அங்காராவுக்குக் கொண்டுபோனார்கள்.

நேட்டோவின் கதை இன்னும் விசித்திரமானது. கிரீஸில் 1967-ல் கர்னல்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். நேட்டோ அவர்களை வெளியேற்றவில்லை. அவர்கள் 1974 ஜூலை 15-ல் சைப்ரஸில் அதிபர் மக்காரியோஸுக்கு எதிராக ஒரு கவிழ்ப்பை நடத்தினார்கள். ஐந்து நாளில் துருக்கி சைப்ரஸில் படை இறக்கியது. நேட்டோவின் இரண்டு உறுப்பினர்கள் மோதும் நிலை. கர்னல்கள் ஆட்சி அந்த வாரமே விழுந்தது. புதிதாக வந்த மக்களாட்சி அரசு, நேட்டோவின் ராணுவ அமைப்பிலிருந்து கிரீஸை விலக்கிக்கொண்டது. திரும்பி வர விரும்பியபோது துருக்கி பல ஆண்டுகள் மறித்தது. 1980 செப்டம்பர் 12-ல் துருக்கியில் தளபதி கெனன் எவ்ரென் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த மாதமே அவர் சம்மதிக்க, கிரீஸ் திரும்ப வந்தது. ஒரு கவிழ்ப்பு கிழித்ததை இன்னொரு கவிழ்ப்பு தைத்தது. அந்தத் தையலுக்குத் துருக்கி மக்கள் கொடுத்த விலை, லட்சக்கணக்கானோரின் கைது.

எகோவாஸின் பிறப்பையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1975 மே 28-ல் லாகோஸில் அதை உருவாக்கப் பாடுபட்ட இருவர், நைஜீரியாவின் யாகுபு கோவோனும் டோகோவின் ஞாசிங்பே எயாதெமாவும். இருவருமே ராணுவத்தின் வழியாக ஆட்சிக்கு வந்தவர்கள். கையெழுத்திட்ட இரண்டே மாதத்தில், உகாண்டாவின் கம்பாலாவில் ஆப்பிரிக்கத் தலைவர்களின் மாநாட்டில் இருந்தபோது, கோவோனும் கவிழ்க்கப்பட்டார்.

கேள்வி: மியான்மர் விஷயத்தில் ஆசியான் இவ்வளவு கூடச் செய்யவில்லையே? (வாசகி ஒருவர்)

பதில்: உறுப்பு நாட்டு விவகாரத்தில் தலையிடுவதில்லை என்பது தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் அடிப்படைக் கொள்கை. 2021 பிப்ரவரி 1-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, ஏப்ரல் 24-ல் ஜகார்த்தாவில் அந்த ராணுவத்தின் தலைவர் மின் ஆங் லைங்கையும் உட்காரவைத்து ஐந்து அம்ச உடன்பாடு செய்தார்கள். முதல் அம்சமே வன்முறையை உடனே நிறுத்துவது. அவர் ஊர் திரும்பினார், வன்முறை தொடர்ந்தது. அக்டோபரிலிருந்து உச்சிமாநாட்டுக்கு அவரை அழைப்பதில்லை. 2026-ல் மியான்மருக்கு வரவேண்டிய தலைமைப் பொறுப்பைப் பிலிப்பைன்ஸுக்குக் கொடுத்தார்கள். எல்லையை மூடி மக்களைப் பட்டினி போடவில்லை என்பதை நான் நல்லதாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஓர் உடன்பாட்டைச் செய்து, அதை மீறியவரிடம் ஒரு நாற்காலியைத் தவிர எதையும் பறிக்காமல் இத்தனை ஆண்டு இருந்தது எனக்கு வருத்தம் தருகிறது.

கேள்வி: சாஹேல் நாடுகளின் புதிய கூட்டணி நிலைக்குமா? (பலர்)

பதில்: ஜோசியம் சொல்ல மாட்டேன். என்ன தெரிகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

2024 ஜூலை 6-ல் நியாமியில் கூட்டமைப்பாக மாறினார்கள். 2025-ல் பொதுக் கடவுச்சீட்டு வந்தது. ஐயாயிரம் பேர் கொண்ட கூட்டுப்படை என்று அறிவித்தார்கள். எகோவாஸ் நாடுகளிலிருந்து வரும் பொருள்களுக்கு அரை விழுக்காடு வரி போட்டார்கள். 2025 ஏப்ரலில் மாலியின் ட்ரோன் ஒன்றை அல்ஜீரியா சுட்டு வீழ்த்தியபோது, மூன்று நாடுகளும் சேர்ந்து தூதர்களைத் திரும்ப அழைத்தன. ஒற்றுமை இருக்கிறது. பிரெஞ்சுப் படைகள் மூன்று நாட்டிலிருந்தும் போய்விட்டன. அமெரிக்கர்கள் 2024-ல் நைஜரின் அகடெஸ் விமானத் தளத்தைக் காலிசெய்தார்கள். ஐ.நா. அமைதிப்படை 2023 இறுதியோடு மாலியை விட்டு வெளியேறியது. ரஷ்யர்கள் வந்தார்கள்.

ஆனால் மூன்றுக்குமே கடல் இல்லை. மூன்றின் கையிலும் இன்னும் அதே சி.எஃப்.ஏ. ஃபிராங்க், அதே டக்கார் மத்திய வங்கி. நைஜர் தன் எண்ணெயை விற்கப் போட்ட ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் குழாய், பெனின் கடற்கரையில் உள்ள செமே துறையில்தான் முடிகிறது. பாலத்தை மூடிவைத்த நைஜர் அந்தக் குழாயை மூடிவைக்க முடியாது. போன பிறகும் அவர்கள் கடவுச்சீட்டை ஏற்போம் என்று எகோவாஸ் அறிவித்தது நல்ல காரியம். பேச்சு தொடங்க வேண்டிய இடம் அதுதான்: ஆட்கள் போய்வருவது, சரக்கு போய்வருவது, எல்லைக் காவலில் தகவல் பரிமாறுவது. 2025 மார்ச்சில் நைஜர் சாட் ஏரிப் பகுதிக் கூட்டுப்படையிலிருந்தும் விலகிவிட்டது. போகோ ஹராம் ஆயுதக் குழுவோடு மோதிக்கொண்டிருந்த படை அது. எந்தக் கொடி என்று பார்க்காமல் முதலில் சரிசெய்ய வேண்டியவை இவை.

காயா ஓட்டுநர் பற்றி முன்பு எழுதினேனே. மாலன்வில் பாதை அடைபட்டதிலிருந்து அவர் டோகோவின் லோமே துறைமுகத்தில் சரக்கு ஏற்றுகிறார். புர்கினா ஃபாசோ வழியாக வடக்கே டோரி வரை போய், அங்கே ராணுவப் பாதுகாப்போடு லாரிகள் சேர்ந்து கிளம்பும் நாளுக்காகக் காத்திருந்து, டேரா வழியாக நியாமி சேர வேண்டும். காத்திருப்பு சில சமயம் வாரக்கணக்கில் ஆகும். வழியில் தாக்குதலில் கூட வேலை பார்த்தவர்களை இழந்திருக்கிறார். கடைசியாகப் பேசியபோது அவருடைய அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அக்கா வீடு மாலன்வில் பக்கம். பாலத்தில் விடவில்லை, மரப்படகுக்காரருக்குக் காசு கொடுத்து ராத்திரி ஆற்றைக் கடந்து போய்ப் பார்த்துவிட்டு, விடிவதற்குள் திரும்பிவிட்டேன் என்றார்.